மலாக்கா – பாங்காக்: நாலு மணி பத்து நிமிடம்

ஜப்பான்காரன் வந்ததும் மலாக்காவில் எங்கள் காஜா பெராங் பக்கத்தில் எல்லாருக்கும் அறுநூற்று அறுபது வயது கூடிப்போனது. 1942 என்று படுத்தவர்களை எழுப்பி, இது 2602 என்றார்கள். கடிகாரத்தையும் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இனி மலாக்காவிலும் மணி. சேவல்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவை பழைய நேரத்துக்கே கூவிக்கொண்டிருந்தன. பிறகு பஞ்சம் வந்ததும் அவற்றையும் தின்றுவிட்டோம்.

வருஷமும் மணியும் ஒழுங்குக்கு வந்த பிறகு மிச்சம் இருந்தது தூரம்தான். அதற்கும் ஓர் அலுவலகம் திறந்தார்கள். ஊரைவிட்டு ஓடிப்போன ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் பங்களா வாசலில் 'தூர நேரச் சீரமைப்பு அலுவலகம்' என்று பலகை ஏறியது. தலைமை அதிகாரியின் பெயர் மொரிதா. வெள்ளைக் கையுறையைக் கழற்றாமலே தேநீர் குடிக்கிறவர். அவருக்குக் கீழே குமாஸ்தா, எங்கள் பேச்சில் கிராணி, கருணாகரன். வெள்ளைக்காரன் காலத்தில் நில அளவை அலுவலகத்தில் இருந்தவர். முன்பு 'யெஸ் சார்' என்றார், இப்போது ஜப்பான் மொழியில் 'ஹாய்' என்றார். குனிகிற ஆழம் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது.

இப்படி ஓர் அலுவலகம் எதற்கு என்று கேட்பீர்கள். மலாக்காவிலிருந்து தம்பின் வரை போட்டிருந்த ரயில் தண்டவாளத்தை அப்போதுதான் பெயர்த்தெடுத்துச் சயாமுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே புதிதாக ரயில் போடுகிறார்களாம். தண்டவாளம் போன பிறகு தம்பினுக்கு இருபத்து நாலு மைலும் நடைதான். 'ரயில் எத்தனை மணிக்கு?' என்று ஜனங்கள் கேட்டுத் தொலைத்தால் என்ன பதில் சொல்வது? அதற்காக அலுவலகம் கூடி யோசித்து, இனிமேல் எல்லாத் தூரத்தையும் விமானத்தில் பறக்கும் நேரமாகவே சொல்வது என்று தீர்மானித்தது.

திறப்பு விழாவில் கிராணி பேசினார்.

"பெரியோர்களே! தூரம்னா என்ன? வெள்ளைக்காரன் பண்ண சதி. ஆசியாக்காரன் ஒருத்தனுக்கொருத்தன் கிட்ட வந்துடக் கூடாதுன்னு மைலுக்கு மைல் கல்ல நட்டு வச்சிட்டுப் போயிட்டான். நம்ம அதிகாரி அந்தக் கல்லையெல்லாம் பிடுங்கிட்டாரு. இன்னையிலேர்ந்து ஷோனான், அதான் பழைய சிங்கப்பூரு, நாப்பது நிமிஷம். பாங்காக் நாலு மணி பத்து நிமிஷம். காலையில கஞ்சி குடிச்சிட்டுக் கிளம்பினா மத்தியானச் சோத்துக்குச் சயாம்!"

கூட்டத்தில் ஒருவர், பிளேன் எங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டார். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் திடல் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே லாலாங் புல்லும் நாலு எருமையும்தான் இருந்தன.

"பிளேன் இருக்கா இல்லையாங்கிறது வேற டிப்பார்ட்மெண்ட்டு. நம்ம டிப்பார்ட்மெண்ட்டு நேரம். நேரம் இருக்கில்ல? அது போதும்," என்றார் கிராணி.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அது வேலை செய்யாமல் இருக்காது. செமாபோக்கிலிருந்து காஜா பெராங் ஐம்பத்தாறு நொடி என்று எழுதி ஒட்டினார்கள். ஜாலான் பெண்டஹாரா பதினெட்டு நொடி. செமாபோக்கில் சாலை வேலை பார்த்த தேவதாஸ் ஒருநாள் காஜா பெராங் அலுவலகத்தில் பெயர் பதிய நடந்து வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. ஐம்பத்தாறு நொடிப் பாதையில் அத்தனை நேரம் எங்கே சுற்றினாய் என்று கேட்டு, கன்னத்தில் நாலு அறை விட்டார்கள். அவனுக்குச் சிறுவயது முதல் இழுப்பு நோய். அடி வாங்கியதைவிட மூச்சு வாங்கியதுதான் அதிகம்.

தேவதாஸின் அண்ணன் மாணிக்கவாசகம். மாணிக்கவாசகத்தின் மனைவி அஞ்சலை. இந்தக் கதை அவளுடையது.

2603ஆம் வருஷம், அதாவது நாற்பத்து மூன்று, வைகாசி மாதம். சயாமில் மூன்று மாத வேலை, அரிசி உண்டு, துணி உண்டு என்று சொல்லி எங்கள் பக்கத்திலிருந்து முப்பத்தேழு பேரை வரிசையில் நிறுத்தினார்கள். அன்று கிராணி நிப்பொன் மொழி வகுப்புக்குப் போயிருந்தார். வரிசையில் நின்ற முகங்களை மொரிதா பார்த்தார். அதே மாதிரி முகம் அலுவலகத்தில் யாருக்கு இருக்கிறது என்று தேடினார். மூலையில் கோப்பு கட்டிக்கொண்டிருந்த சின்னப்பாவைக் கூப்பிட்டு மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்தார்.

சின்னப்பா என்பது உறவுமுறை இல்லை, அவர் பெயரே அதுதான். காஜா பெராங்கில் சிட்டி என்கிற இனத்துக் குடும்பத்துக்காரர். எங்களைவிடப் பல தலைமுறை முன்னால் மலாக்காவுக்கு வந்தவர்கள் அவர்கள். சாமி நம் சாமி, திருநீறு நம் திருநீறு, வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். அவருக்குத் தெரிந்த தமிழ் கோயில் வாசலோடு சரி. அதை மொரிதாவிடம் சொல்லத்தான் பார்த்தார். முகத்தில் இவ்வளவு தமிழ் இருக்கும்போது வாயில் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

படிவத்தில் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று 'போனார்', இன்னொன்று 'வந்தார்'. சின்னப்பா ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்து, "போறது?" என்று கேட்டார். தமிழன் இதற்கு என்ன சொல்வான்? கக்கூசுக்குப் போனாலும் 'போறேன்' என்று வெறுமனே சொல்லமாட்டானே! முப்பத்தேழு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"போயிட்டு வர்றேங்க."

சின்னப்பா நேர்மையான மனிதர். காதில் விழுந்த எதையும் விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. போய், ஒரு கட்டம். வர, இன்னொரு கட்டம். முப்பத்தேழு பெயருக்கும் இரண்டிரண்டு கட்டத்திலும் குறி போட்டார். மாணிக்கவாசகம் மேசையை விட்டு நகர்ந்து, வேலிக்கு அப்பால் நின்ற மனைவியிடமும் அதையே சொன்னான். "போயிட்டு வர்றேன் அஞ்சலை." லாரி தம்பின் பக்கம் கிளம்பியது. அந்த வருஷம் மலாக்காவை விட்டுப் போனதில், போயிட்டு வருகிறேன் என்று சொல்லாமல் போனது தண்டவாளம் ஒன்றுதான்.

மூன்று மாதம் கழிந்தது. ஒரு கடிதம் இல்லை. சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் தம்பினில் சொன்னானாம், அங்கே ஒரு தண்டவாளக் கட்டைக்கு ஓர் ஆள் உயிர் என்று ரயில் போகிறது என்று. கேட்டவர்கள் அதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லா வீட்டுக்கும் தெரிந்திருந்தது.

அப்போதுதான் மொரிதா பதிவேட்டைப் புரட்டினார். முப்பத்தேழு பேர் போயிருக்கிறார்கள், முப்பத்தேழு பேரும் அதே நாளில் வந்திருக்கிறார்கள். வேறு யாராவது என்றால் குறியில்தான் பிசகு என்று நினைத்திருப்பார்கள். அலுவலகத்தில் பிசகு நடக்காது என்பது அலுவலகத்தின் முதல் விதி. ஆகவே மொரிதா பென்சிலை எடுத்தார். போக நாலு மணி பத்து நிமிடம், வர நாலு மணி பத்து நிமிடம். காலை எட்டுக்குக் கிளம்பியவன் மாலை நாலு இருபதுக்கு வீட்டில் இருக்கலாம். எல்லாம் பொருந்தி வந்தது. பலகையில் எழுதிய நேரம் உண்மை என்று இதோ முப்பத்தேழு சாட்சி!

வரவேற்பு விழா நடத்தினார்கள். பள்ளிக்கூடத் திடலில் முப்பத்தேழு நாற்காலி. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பெயர்ச்சீட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெண்சாதி அல்லது தாயார். மொரிதா வரிசையாக வந்து நாற்காலிகளுக்கு மாலை போட்டார். ஒவ்வொன்றையும் பார்த்துக் குனிந்தார். போட்டோ பிடித்தவர் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, ஆட்கள் தெளிவாக விழவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விழா முடிந்ததும் அஞ்சலை கிராணியின் மேசைக்குப் போனாள்.

"கிராணி ஐயா, எங்க வீட்டுக்காரரு வரலீங்க."

"வந்தாச்சு. நாலு இருபதுக்கு. பாரு, இங்க போட்டிருக்கு."

"வீட்டுக்கு வரலீங்களே."

"இந்தாம்மா, வீட்டுக்குள்ள வந்தாரா, வெளிய போனாரா, அதெல்லாம் குடும்ப விஷயம். புருசன் பெண்சாதிக்குள்ள சர்க்கார் தலையிடாது. மலாக்காவுக்கு வந்தாச்சான்னா, வந்தாச்சு."

அவர் வந்துவிட்டதால் அவர் பங்கு அரிசியும் வந்தது. வாங்கமாட்டேன் என்று சொல்ல அஞ்சலைக்குப் பயம். கொண்டுவந்து தனியாக வைத்தாள். மூன்றாம் நாள், அரிசி வீணாகிறதே என்று சமைத்து, அவன் தட்டில் போட்டு, அவன் உட்காருகிற இடத்தில் வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளைக் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வாள்.

மறுநாள் காலை, நல்ல வெயிலில், கிணற்றடியில் கட்டைச் செருப்புச் சத்தம் கேட்டது.

மாணிக்கவாசகம் குளிக்கப் போகும்போது போடுகிற மரச் செருப்பு. வலது காலை அழுத்தி வைப்பான். டக், டக்கு. டக், டக்கு. அஞ்சலை அடுப்படியை விட்டு அசையவில்லை. தேவதாஸ் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். இருவர் கண்களும் சந்தித்தன. "அண்ணி," என்றான். "வேலைக்கு நேரமாச்சு, கிளம்பு," என்றாள் அவள். பிறகு போய்ப் பார்த்தபோது செருப்பு பின்வாசலில் இருந்தது. நனைந்திருந்தது.

அந்த வீட்டில் மட்டுமில்லை. விழாவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஆம்பிளை இல்லாத வீடுகளில்தான் நடமாட்டம் அதிகம். ஒரு வீட்டில் இருமல். ஒரு வீட்டில், சுருட்டு கண்ணில் பட்டே வருஷம் ஆன காலத்தில், சுருட்டு வாசனை. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வந்துவிட்டார்கள் என்று சர்க்கார் முத்திரை குத்திய பிறகு அவர்கள்தான் என்ன செய்வார்கள், பாவம்! வரத்தானே வேண்டும்.

எனக்கு இதில் கோபம் யார் மேல் என்றால் செத்தவர்கள் மேல் இல்லை. அவர்களையும் சொன்னபடி கேட்க வைத்தார்களே, அந்தப் பென்சில்காரர்கள் மேல்தான்.

அஞ்சலைக்குப் போகப் போகப் பயம் தெளிந்தது. காலையில் அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் மனம் தவித்தது. தட்டு வைத்துவிட்டு, "உப்பு கம்மிதான், இருக்கிறத வச்சி சாப்பிடுங்க," என்று மெதுவாகச் சொல்லவும் ஆரம்பித்திருந்தாள்.

ஐப்பசியில் புது ஆணை வந்தது. மறுபடியும் சயாமுக்கு ஆள் தேவை. போன தடவை ஒரே நாளில் போய்வந்த அனுபவசாலிகளுக்கே முன்னுரிமை. பத்து நாளுக்குள் பதிவுக்கு வராதவன் ஓடிப்போனவன். அவன் வீட்டிலிருந்து இன்னோர் ஆண்பிள்ளையை அனுப்ப வேண்டும்.

மாணிக்கவாசகம் வீட்டில் இன்னோர் ஆண்பிள்ளை தேவதாஸ். நாலு மாடிப்படி ஏறினாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவன். சயாமில் ஒரு வாரம் தாங்கமாட்டான் என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஆள் இருக்கிறாரா என்று சோதிக்கக் கிராணியும் சின்னப்பாவும் வீட்டுக்கு வந்தார்கள்.

"பாருங்க ஐயா, நல்லாப் பாருங்க. எங்கயாச்சும் இருக்காரா?" என்றாள் அஞ்சலை.

கிராணி வீட்டைச் சுற்றி நடந்தார். பாய், தட்டு, கொடியில் சட்டை. பின்வாசலுக்கு வந்தபோது கட்டைச் செருப்பைக் கண்டார். ஈரம். "இது என்னா?" என்று வெற்றியோடு குரலை உயர்த்தினார். அதே நேரம் கிணற்றடியில் யாரோ ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது. கிணற்றடியில் ஆள் இல்லை. நேர் எதிரே, மறைப்பு எதுவும் இல்லாமல், கிணறு தெரிந்தது.

சின்னப்பா தன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். கிராணிக்கு முகம் வெளுத்துப் போனது. ஆனாலும் கிராணி கிராணிதான். நோட்டைத் திறந்து, 'ஆள் இருக்கிறார். குளிக்கிறார்,' என்று எழுதிவிட்டு வேகமாக வெளியேறினார்.

ஒன்பதாம் நாள் அஞ்சலை அலுவலகத்துக்குப் போய் அழுதாள். வந்ததை ரத்துசெய்ய வழியே இல்லையா? இருந்தது. அதற்கும் ஒரு படிவம் வைத்திருந்தார்கள். குடும்பத்தார் ஒருவர் அதிகாரி முன்னால் நின்று வாக்குமூலம் சொன்னால் 'வந்தார்' கட்டத்தை அடித்துவிடலாம். அடித்துவிட்டால் ஆள் இன்னும் சயாமில் வேலையில் இருப்பதாக ஆகும். தம்பியைக் கூப்பிடமாட்டார்கள்.

"ஆனா ஒண்ணு, போன தடவை வார்த்தையில கொழப்பம் வந்துச்சு. இந்தத் தடவை வார்த்தை சுத்தமா இருக்கணும். ஒரே சொல்லு. அதுல வர்ற பேச்சே இருக்கக் கூடாது," என்றார் கிராணி.

"சயாமுக்குப் போயிருக்காருன்னு சொல்றேங்க."

"கூடாது. போயிருக்காரு. அதுக்குள்ள 'இருக்காரு' இருக்கு. எங்க இருக்காரு? வீட்டிலன்னு ஆயிடும்."

"போனாருன்னு சொல்லட்டுங்களா?"

"போனாருன்னா போனவரு திரும்பி வந்திருக்கலாம். முடியல. முடிஞ்சதாச் சொல்லணும்." கிராணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "போயிட்டாரு. அவ்வளவுதான். சொல்லு, முத்திரை குத்திடலாம்."

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கிராணி தமிழர்தான். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீடுகளில் என்ன அர்த்தம், எந்த நாளில் அதைச் சொல்லி அழுவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்துதான் கண்ணாடியைத் துடைத்தார்.

மொரிதா காத்திருந்தார். சின்னப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, "சுடா," என்று மலாயில் சொன்னார். ஆயிற்று, சொல்லிவிட்டாள்.

"இன்னும் சொல்லல," என்றார் கிராணி. "நான் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

சின்னப்பா அவளிடம் குனிந்து, "அக்கா, மன்னிச்சிடு. சாயா தமிழ் சிகிட், எனக்குத் தமிழ் கொஞ்சம். அன்னைக்கு ரெண்டு கட்டம் நான் போட்டது," என்றார்.

"நீங்க போட்டதாலதான்ணே அவரு இத்தனை நாள் வந்தாரு," என்றாள் அஞ்சலை.

வெளியே ஜன்னல் வழியாகத் தேவதாஸ் தெரிந்தான். வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவள் அவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மொரிதாவின் கையுறையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"போயிட்டாரு."

சிவப்புப் பென்சில் 'வந்தார்' கட்டத்தின் மேல் ஓடியது. முத்திரை விழுந்தது. மொரிதா மரியாதையாகக் குனிந்தார். சின்னப்பா கிராணியிடம் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார்.

"போக்குவரத்துச் சொல்லு," என்றார் கிராணி.

அஞ்சலை வீடு வந்து சேர்ந்தபோது அலுவலகத்து மணி பன்னிரண்டு அடித்தது. தோக்கியோ பன்னிரண்டு. வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலிக்கு அப்பால் நின்றார்கள். உள்ளே வந்து கட்டிக்கொண்டு அழலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அலுவலகப்படி அவன் வேலையில் இருக்கிறான். வேலையில் இருப்பவனுக்கு எப்படி ஒப்பாரி வைப்பது?

அவள் வாசற்படியில் கால் வைக்கும்போது பின்பக்கம் சத்தம் கேட்டது. டக், டக்கு. கிணற்றடியிலிருந்து பின்வாசல். பின்வாசலிலிருந்து அடுப்படி. இதுவரை அந்தச் சத்தம் வீட்டுக்குள் வந்ததில்லை. அடுப்படி தாண்டி, தட்டு வைக்கிற இடம் தாண்டி, அவளைக் கடந்து, வாசலில் வந்து நின்றது.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். மூலைக் கடைக்குப் புகையிலை வாங்கப் போனாலும் அந்த வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லாமல் அவன் போனதில்லை. அஞ்சலை காத்திருந்தாள். சொல்லுங்க, ஒரு தரம் சொல்லிட்டுப் போங்க என்று அவள் மனம் கெஞ்சியது.

செருப்புச் சத்தம் படி இறங்கியது. செம்மண் பாதையில் தம்பின் சாலைப் பக்கம் நடந்து, தேய்ந்து, நின்றுவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை.

அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மணி ஒன்று அடித்தது. இரண்டு அடித்தது. தேவதாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். வேலிப் பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மூன்று அடித்தது.

"அண்ணி, உள்ள வாங்க. எவ்ளோ நேரம் இப்படி?"

"இரு தம்பி. இன்னும் நேரமாகல."

நாலு அடித்தது. அதற்குப் பிறகு அவள் உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடத்தை நொடி நொடியாக எண்ணி முடித்துவிட்டு, முந்தானையை உதறி எழுந்தாள். பின்வாசலுக்குப் போய்க் கட்டைச் செருப்பைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

வர ஒரு நாலு மணி பத்து நிமிடம் உண்டே, அதையும் பார்க்கலாமே என்று தேவதாஸுக்கு வாய்வரை வந்தது. அதைத்தான் காலையில் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டார்களே!

"போய்ச் சேர்ந்துட்டாரு," என்றாள் அஞ்சலை. வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.